ஒன்பது முகமூடியும் ஒரு நீனோவும்

வெளிநாட்டில் தமிழருக்குப் படம் போட்டுக் காட்டுகிற தொழிலில் படம் ஒரு சின்னச் சாமான்தான். மண்டபம், கதிரை, வாகனம் விட இடம், இடைவேளைக்குக் கடிக்க ரோல்ஸ், கழிவறைச் சாவி என்று எல்லாவற்றையும் பிடித்த பிறகு மிச்சம் இருக்கிற மூச்சில்தான் படம் ஓடும்.

பிள்ளையின் அரங்கேற்றத்துக்கோ ஊர்ச்சங்க ஒன்றுகூடலுக்கோ மெல்பேர்னில் ஒருதடவையாவது மண்டபம் தேடி அலைந்தவர்கள் இதை வாசித்துத் தலையாட்டுவீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் விளங்காது.

நான் மன்னாரில் மீன் ஏலத்தில் நின்று விலை பேசப் படித்தவள். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. மெல்பேர்னுக்கு வந்து டண்டினொங்கில் முதலில் கோழித் தொழிற்சாலை, பிறகு சந்தையில் மரக்கறிக் கடை, அதற்குப் பிறகு இந்தப் படத் தொழில். பெரிய நடிகர்களின் புதுப்படங்களைப் பெரிய தியேட்டர்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது சின்னப் படங்களும், பஸ்ஸில் வருகிற வயதுபோன சனமும், குழந்தை அழுதால் ஒருவரும் முறைத்துப் பார்க்காத சனிக்கிழமைப் பின்னேரங்களும்தான். அதுவும் போகப் பார்த்தது. நான் வழக்கமாகப் படம் போடுகிற மண்டபத்தை இடித்து மாடிவீடு கட்டப் போகிறோம் என்று கடிதம் வந்தது. அங்கே தொடங்கியது இந்தக் குழப்பம்.

குறைக்கக் குறைக்க ஏறிய விலை

தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஒரு இத்தாலியர் கழகம் இருக்கிறது, மண்டபம் சனிக்கிழமைகளில் சும்மா கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நானும் என் மனுசன் அன்ரனும் போனோம். கதவைத் திறந்தது பிராங்கா. கழகத்தின் செயலாளர். எழுபத்தெட்டு வயது, சிவப்பு உதட்டுச்சாயம், ஓடுகிற சப்பாத்து, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. அவள் ஒரு விலை சொன்னாள். நான் அதில் பாதி சொன்னேன். அதுதானே முறை? அவள் முதல் சொன்னதைவிடக் கூட்டிச் சொன்னாள். எனக்குக் காது பிழையோ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அவள் இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். ஏலத்தில் பத்து வருடம் நின்றவள் நான், மேலே போகிற ஏலமும் பார்த்திருக்கிறேன், கீழே வருகிற பேரமும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே மேசையில் எதிரெதிராக ஓடுவதை அன்றுதான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் ஏறியது. தமிழில் கத்தினேன். அவள் இத்தாலிய மொழியில் கத்தினாள். அன்ரன் "நான் வானுக்குள்ள இருக்கிறன்" என்று மெல்ல நழுவிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து அவள் முதல் சொன்ன விலைக்கே நான் சம்மதித்தேன், அதை ஏதோ நான் வென்ற மாதிரி இரண்டு பேரும் கை குலுக்கினோம். பிறகுதான் சொல்கிறாள்: யோகா வகுப்புக்காரரும் அதே சனிக்கிழமையைக் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் கூடத் தருகிறார்கள், யாருக்குக் கொடுப்பது என்று வியாழக்கிழமைதான் முடிவு. நான் மறுபடி வாயைத் திறக்கமுன் அவள் என் தோளில் தட்டினாள்.

"நீ கத்தும்போது அப்படியே என் அக்கா மாதிரி இருக்கிறாய். அவளோடு நான் பதினாறு வருடமாகப் பேசவில்லை."

ஓமோம்

வியாழக்கிழமை போனேன். கழகத்தின் குசினியில் பிராங்கா கோப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயில் வைத்திருந்த நல்ல வார்த்தைகளை எடுக்கமுன் அன்ரன் போன் எடுத்தார். மீன்கடையில் நிற்கிறாராம். பாரை வாங்குவதோ? ஓமோம். வெட்டி வாங்குவதோ? ஓமோம். தலையும் கேட்பதோ? ஓமோம். அப்படியே மகளை நடன வகுப்பில் இருந்து ஏற்றிக்கொண்டு வருவதோ? "ஓமோம், ஓமோம்!" என்று கத்திவிட்டு வைத்தேன். திரும்பிப் பார்த்தால் பிராங்கா அடுப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கண் கலங்கியிருக்கிறது.

"உனக்கு யார் சொன்னது?" என்றாள். என்ன சொன்னது? "நீ கேட்டாயே, என் உவோமோவைப் பற்றி. திரும்பத் திரும்பக் கேட்டாயே." எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்லத்தான் வெளித்தது. நான் ஆமாம், ஆமாம் என்று அன்ரனுக்குச் சொன்ன 'ஓமோம்' அவள் காதில் 'உவோமோ' என்று விழுந்திருக்கிறது, அவர்களின் மொழியில் உவோமோ என்றால் ஆண்பிள்ளை. 'என் உவோமோ' என்றால், நாங்கள் 'என்ர மனுசன்' என்று சொல்கிற அதே கருத்து. மனுசன் நீனோ செத்து நாலு வருடமாம். இந்த நாலு வருடத்தில் கழகத்தில் ஒருவரும் அவனைப் பற்றி வாய் திறந்து கேட்டதில்லையாம். மண்டபம் கேட்டு வந்த நான், பாரை மீனுக்குப் பதில் சொல்லப்போய் ஐந்து தடவை கேட்டுவிட்டேன்.

திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை, யோகாக்காரர் நினைவில் நின்றார்கள். அவள் அலுமாரியைத் திறந்து ஒரு டிவிடியை எடுத்தாள். நீனோ கப்பலேறி இங்கே வந்து தரைக்கு ஓடு பதிக்கிற வேலை தொடங்கமுன், இருபது வயதில், ஒரு சினிமாவில் மூன்று நாள் நின்றவனாம். சித்திரக்கதைப் புத்தகங்களில் வருகிற முகமூடி வில்லன்களை நக்கலடித்து எடுத்த கொள்ளைக்காரச் சிரிப்புப் படம். நீனோ அதில் ஒரு முகமூடி ஆள். எந்த முகமூடி என்பதுதான் தெரியாது. இடமிருந்து மூன்றாவது என்று ஒருநாள் சொல்வானாம், நீர்த்தொட்டிக்குள் விழுகிறவன் என்று இன்னொருநாள் சொல்வானாம். அவன் காட்டுகிற நேரமெல்லாம் இவள் குசினியில் எதையாவது பொரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவன் போன பிறகு தனியே இருந்து எத்தனையோ தடவை பார்த்துவிட்டாளாம். அந்த டிவிடியை அவள் என் கையில் வைத்தாள்.

"என் இரண்டு கண் போதவில்லை. உன்னிடம் சனம் இருக்கிறது. அவனைக் கண்டுபிடித்துக் கொடு, சனிக்கிழமையை எடுத்துக்கொள்."

வீட்டில் ஒத்திகை

சனத்துக்குக் காட்டமுன் நாங்கள் பார்க்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து போட்டோம். நான், அன்ரன், செந்தில். செந்தில் மதுரைப் பிள்ளை, கணினி வேலை, எங்கள் நோட்டீஸ்களைச் சும்மா செய்து தருகிறவர். படத்தில் ஆங்கில எழுத்தும் இல்லை. இத்தாலியன் மட்டும். பிராங்காவிடம் போனில் கதை கேட்டால், "நான் எங்கே கதையைப் பார்த்தேன்? நீனோவைத்தானே பார்த்தேன்" என்கிறாள்.

எங்களுக்கு விளங்கியது இவ்வளவுதான். கோர்விக் என்று ஒரு பெரிய கள்ளன். கோர்வோ என்றால் காகம். அந்தக் காலத்து முகமூடி வில்லன்களின் பெயர் எல்லாம் 'க்' என்று முடிய வேண்டுமாம். கறுப்பு இறுக்க உடுப்பு, கறுப்பு முகமூடி, மூக்கில் காகத்தின் அலகு மாதிரி ஒரு சொண்டு. தன் வீட்டுப் பூட்டைத் திறக்கத் தெரியாத ஒரு எழுதுவினைஞன் அவனைப் போல உடுத்துக்கொண்டு களவுக்குப் போகிறான். இருவரையும் பிடிக்க இன்ஸ்பெக்டரும் அதே உடுப்பைப் போடுகிறான். அவனைப் பிடிக்க கோர்விக்கின் காதலி போடுகிறாள். வங்கி முகாமையாளன் தன் வங்கியைத் தானே கொள்ளையடிக்கப் போடுகிறான். முக்கால் மணி நேரத்தில் திரையில் சொண்டைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆறு தடவை பின்னால் ஓட்டினோம். செந்தில் ஒரு தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தார், பிறகு அந்தத் தாளைக் கிழித்தார். நான் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினேன். அன்ரன் கதிரையில் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார்.

"பிலோ, முகமூடி போட்டவனை எல்லாம் விட்டிட்டன். முகமூடி போடாதவன் ஆர் எண்டு மட்டும் எனக்குச் சொல்லு."

எந்தக் காக்கா?

நோட்டீஸ் அடிக்க வேண்டும். செந்தில் போன் எடுத்தார். "அக்கா, கோர்வோன்னா காக்காதானே? 'முகமூடிக் காக்கா'ன்னு தலைப்பு வச்சா கும்முன்னு இருக்கும். போட்டுறவா?" நான் அந்த நேரம் ரோல்ஸ் போடுகிற பெண்ணோடு ஒரு ரோல்ஸுக்கு எவ்வளவு இறைச்சி என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். "போடும், போடும்" என்றேன். போட்டுவிட்டார். மெல்பேர்னில் இருக்கிற எல்லா வாட்ஸப் குழுவுக்கும் போய்விட்டது.

செந்திலின் ஊரில் காக்கா என்றால் பறக்கிறது. எங்கள் ஊரில் பறக்கிறது காகம். காக்கா என்றால் முஸ்லிம் அண்ணன்மாரை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். பின்னேரம் போனுக்கு ஓய்வில்லை. சிட்னி லிட்கமில் இருந்து ஒரு முஸ்லிம் பெரியவர் எடுத்து, இது எங்கள் ஆட்களைப் பற்றிய ஆவணப்படமா, சிட்னிக்கும் வருமா என்று கேட்டார். நான் செந்திலைப் பிடித்துக் கிழித்தேன். "அக்கா, காக்கான்னா காக்காதானே அக்கா?" என்று அவர் அழாத குறை. அப்போதுதான் எடுத்தார் ஹனீபா காக்கா. டண்டினொங்கில் நான் இறைச்சி வாங்குகிற கடை அவருடையது, அவரும் மன்னார்தான். கோபித்துக்கொள்வார் என்று நினைத்து, காகம், இத்தாலி, மதுரை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மற்றப் பக்கத்தில் கத்தியைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு சிரிப்பு. கொரோனா நேரம் தானும் முகமூடி போட்டுத்தான் இறைச்சி வெட்டினவராம், அதைத்தான் யாரோ படமாக எடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் பகிடி விடுகிறார்களாம்.

"சரி தங்கச்சி, எனக்கு எட்டுக் கதிரை வையுங்கோ. காக்கா எண்டு போட்ட பிறகு நாங்கள் வராட்டி நல்லா இருக்காது."

மைக்கைப் பிடித்தவள் பாடு

அந்தச் சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. டிக்கெட் இல்லை, ரோல்ஸ் மட்டும்தான் காசு என்றால் எங்கள் சனம் எந்த மொழிப் படத்துக்கும் வரும். முன்வரிசையில் வயதுபோன இத்தாலியர்கள் பன்னிரண்டு பேர், கழகத்து ஆட்கள். பின்னால் முழுக்க நாங்கள். நான் மைக்கோடு திரைக்குப் பக்கத்தில் நின்றேன். பிராங்கா என் காதுக்குள் உடைந்த ஆங்கிலத்தில் சொல்ல, நான் அதைத் தமிழாக்கிச் சொல்வதாக ஏற்பாடு. அவளோ அரைவாசி நேரம் திரையைத் தேடிக்கொண்டு நின்றாள், திடீரென்று "அதோ! இல்லை, இல்லை" என்பாள். அதையும் நான் ஒரு வசனம் என்று நினைத்து மைக்கில் சொல்லிவிடுவேன். சனம் அதற்கும் கைதட்டும்.

நேரம் போகப்போக எனக்கே தலை சுற்றியது. "இவர் கோர்விக். இல்லை, கோர்விக் மாதிரி வந்த இன்ஸ்பெக்டர். பொறுங்கோ, இன்ஸ்பெக்டர் இஞ்ச கட்டிப்போட்டுக் கிடக்கிறார். அப்ப இவர் வேற." சனம் சிரிக்கத் தொடங்கியது. படத்துக்குச் சிரிக்கிறதா எனக்குச் சிரிக்கிறதா என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்து, "விளங்காட்டிக் கேளுங்கோ, சிரிக்காதேங்கோ!" என்று மைக்கிலேயே உறுக்கினேன். மண்டபம் அடங்கியது. நடுவில் இருந்து ஒரு கை எழும்பியது. செல்லத்துரை அங்கிள். யாழ்ப்பாணத்தில் பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவர், கள்ளரைப் பார்த்தால் நடையிலேயே பிடிப்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மிக மரியாதையாகக் கேட்டார்.

"பிள்ளை, இப்ப ஓடுறது கள்ளப் பொலிஸோ, பொலிஸ் கள்ளனோ?"

இடைவேளை

இத்தாலியப் படத்துக்கு இடைவேளை கிடையாது. எங்கள் சனத்துக்கு இடைவேளை இல்லாமல் படம் கிடையாது. அந்த நேரத்தில்தான் என் ரோல்ஸும் போக வேண்டும். எங்கே நிறுத்துவது என்று அன்ரனிடம் விட்டிருந்தேன். மனுசன் மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்தினார். திரையில் ஒருத்தன் கையைத் தூக்கித் தன் முகமூடியைக் கழற்றப் போகிறான், சொண்டு பாதி மேலே போய்விட்டது, டக்கென்று லைட் எரிகிறது. எங்கள் பக்கம் "சூப்பர் இடம்!" என்று விசில். இத்தாலியர் பன்னிரண்டு பேரும் ஒன்றாக எழும்பி நின்று கையை விரித்துக் கத்துகிறார்கள். படம் பழுதாகிவிட்டது, மெசின் உடைந்துவிட்டது, கழகத்தைக் கொள்ளையடிக்க வந்திருக்கிறோம் என்று என்னென்னவோ.

நானும் விடவில்லை. "பத்து நிமிசம்! பத்தே நிமிசம்!" என்று கத்திக்கொண்டு ரோல்ஸ் தட்டை அவர்களின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர்களில் ஆகக் கூடக் கத்தியவர் ஒரு தொப்பிக்காரர். கத்தின வாய் மூடமுன் ஒரு ஆட்டிறைச்சி ரோல்ஸைக் கையில் திணித்தேன். கடித்தார். நிறுத்தினார். இன்னொரு கடி. கண்ணில் தண்ணீர், உறைப்பு. இரண்டாவதை அவராகவே எடுத்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பி உரத்த குரலில் ஏதோ சொன்னார். எல்லோரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள். என்ன சொன்னார் என்று பிராங்காவிடம் கேட்டேன்.

"'அறுபது வருடமாக நாங்கள் படத்தை நடுவில் நிறுத்தாமல் பார்த்தோமே, என்ன முட்டாள்கள்!' என்கிறான்."

அணிவகுப்பு

கடைசிக் காட்சி. ஒன்பது முகமூடிகள் ஒரு நீட்டு மேசையில் இருந்து விருந்து சாப்பிட்டுவிட்டு, சுவரோரமாக வரிசையாய் நிற்கிறார்கள். படத்தை அங்கே நிறுத்தச் சொன்னேன். இனித்தான் உண்மையான வேலை. பிராங்கா மைக்கை வாங்கி நீனோவைப் பற்றிச் சொன்னாள், நான் தமிழில் சொன்னேன்: உயரம் நடுத்தரம், இறைச்சிக்கடைக்காரரின் மகன், கடைக்குள்ளேயே வளர்ந்தவன், விசில் அடிக்கத் தெரியாது, கலியாண வீட்டில் ஆடச் சொன்னால் ஓடிவிடுவான். ஒரு படமும் காட்டினாள். அதில் நீனோவுக்கு அறுபது வயது, வயிறு மேசையில் முட்டுகிறது. இதை வைத்து இருபது வயதில் முகமூடி போட்டவனைப் பிடிக்க வேண்டும்.

சனம் பிடித்தது. ஒன்பது பேரையும் பிடித்தது. செல்லத்துரை அங்கிள் மூன்றாவது ஆள் என்றார், நிற்கிற நிலையிலேயே குற்றம் தெரிகிறதாம். பின்வரிசைப் பெண்கள் ஏழாவது என்றார்கள், அவன்தான் கூச்சப்படுகிறானாம். ஆட்டம் தெரியாதவன் தோள் இப்படித்தான் நிற்கும் என்று ஒரு நடன ஆசிரியை ஒன்பதாவதுக்கு வாதாடினார். சண்டை முற்றியது. பிராங்கா ஒவ்வொரு விரலையும் நம்பி நம்பி அந்தந்த முகமூடியைப் பார்த்து, தலையசைத்து, களைத்துப் போனாள். செந்தில் என் காதுக்குள் வந்தார். "அக்கா, யாரையாச்சும் ஒருத்தர அழுத்திச் சொல்லிருங்க. அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் மண்டபம்." எனக்கு யோகாக்காரர் கண்ணுக்குள் வந்தார்கள். நான் போய் திரையில் ஐந்தாவது ஆளின் நெஞ்சில் விரலை வைத்தேன். "இவர்தான் நீனோ. சந்தேகமே இல்லை." பிராங்கா கிட்ட வந்து பார்த்தாள். "அது பெண்," என்றாள். "வில்லனின் காதலி. இடுப்பைப் பார்."

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு வெட்கம். வெட்கம் வந்தால் எனக்கு அடுத்ததாக வருவது கோபம்தான். "உன்ர மனுசனை உனக்கே தெரியாட்டி எங்களுக்கு எப்பிடித் தெரியும்? உயிரோட இருக்கேக்க ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாமே, அடுப்பை விட்டிட்டு!" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. சரி, மண்டபம் போனது. சாமான்களைக் கட்டுவோம் என்று திரும்பினேன். பிராங்கா இடுப்பில் இருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதில் ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"சனிக்கிழமை உனக்கு. ஆனால் மாதத்தின் முதல் சனி இந்தப் படம்தான், நீனோ கிடைக்கும்வரை. கிடைத்த அன்றைக்கு ஒப்பந்தம் முடிந்தது, புதிதாகச் சண்டை பிடிப்போம்."

மூட்டில் வைத்த விரல்

அதையே அவள் எழுதிக் கையெழுத்தும் வாங்கினாள். இரண்டாம் மாதமும் படம் ஓடியது. முதல் தடவையைவிடச் சனம் கூட. கதை விளங்காமல் போனவர்கள் விளங்க வந்தார்கள். விளங்கினவர்கள் பந்தயம் பிடிக்க வந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு ஒரு கட்சி, ஏழாவதுக்கு ஒரு கட்சி. அடுத்த வாரம் இறைச்சி வாங்க ஹனீபா காக்கா கடைக்குப் போனேன். ஆட்டுத் தொடையை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "தங்கச்சி, நான் ஆளைக் கண்டிட்டன்." எப்படி? விருந்துக் காட்சியில் ஒன்பது பேரும் ஆளுக்கொரு கத்தியோடு ஆட்டுத்தொடை வெட்டுகிறார்கள் அல்லவா. எட்டுப் பேர் விறகு அரிகிற மாதிரி அரிகிறார்களாம். ஒருத்தன் மட்டும் முதலில் பெருவிரலால் மூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த இடுக்கில் கத்தி நுனியை வைக்கிறானாம். பிறகு எழும்பிச் சுவரோரம் இரண்டாவதாகப் போய் நிற்கிற ஆள். "அது சொல்லிக்குடுத்து வாறதில்லை. கடைக்குள்ள வளந்தவனுக்கு மட்டும்தான் அந்த விரல் போகும்" என்று தன் பெருவிரலை என் கண்முன்னே தொடை மூட்டில் வைத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். அதே விரல். அதே இடம். ஒரு கட்சியும் பந்தயம் கட்டாத ஆள்.

இரண்டு நாள் நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. தன் மேல்தான் கோபம் என்று நினைத்து அன்ரன் வீடு முழுக்கக் கூட்டித் துடைத்தார். விசயத்தைச் சொன்னதும், "சொல்லாமல் விடு, பிலோ. காக்காவும் வாய் திறக்க மாட்டார்" என்றார். உண்மைதான். ஹனீபா காக்கா முடிவை என்னிடமே விட்டிருந்தார். நீனோ கிடைத்தால் ஒப்பந்தம் முடிகிறது. யோகாக்காரர் இன்னும் வாசலில் நிற்கிறார்கள். விலையில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அதற்கு இதுவரை வெட்கப்பட்டதில்லை. ஆனால் ஒரு பெண்ணின் மனுசன் என்று இன்னொருத்தியைத் தொட்டுக் காட்டினேனே, அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

வியாழக்கிழமை காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கழகத்துக்குப் போனேன். பிராங்கா குசினி மேசையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி பக்கத்தில் கிடந்தது. அந்த இடத்தில் படத்தை நிறுத்தி அவளுக்கு நேரே திருப்பி வைத்து, விரலைப் பற்றியும் மூட்டைப் பற்றியும் ஹனீபா காக்காவைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். அவரைக்காய் உரித்த கை நின்றது. கண்ணாடியை அவள் எடுக்கவில்லை. திரைப் பக்கம் ஒரு கணம் முகம் திரும்பியது, அவ்வளவுதான். "இல்லை" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணாடியைப் போட்டுப் பார், பிராங்கா! விரலைப் பார்! மூட்டைத் தடவுகிறான் பார்!" என்று மேசையில் அடித்தேன். அவள் மடிக்கணினியின் மூடியைத் தன் ஈரக் கையால் மெதுவாகச் சாத்தினாள். சாத்தின பிறகும் கையை அதன் மேலிருந்து எடுக்காமல் வைத்திருந்தாள்.

"அவன் இல்லை. அடுத்த மாதம் ரோல்ஸ் கூடக் கொண்டுவா, என் ஆட்களுக்குப் போதவில்லை."

ஆக மண்டபம் என் கையில் இருக்கிறது, ஒப்பந்தக் கணக்கில் நீனோ இன்னும் கிடைக்கவில்லை, இந்த இரண்டில் எதற்காக நான் சந்தோசப்பட வேண்டும் என்று தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எனக்கும் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ.